சுவடு வாயுக்களை அளக்கும் வேதி அயனியாக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதி அயனியாக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், வினை அயனிகளைக் காற்றோடு வினைபுரியவிட்டு, உருவாகும் அயனிகளின் நிறையைக் கொண்டு வாயுக்களை அளக்கும் கருவி. காற்றில் ஒரு பிபிபிக்கும் (நூறு கோடியில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும் வாயுவைக்கூட இது பிடித்துவிடும். தப்பான எண்ணையும் அதே உறுதியோடு காட்டும். அதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரப்பதம்தான்.

பூஜ்ய அளவீட்டிலேயே, அதாவது அளக்கும் வாயு இல்லாத காற்றில் கருவி காட்டும் பின்னணியைப் பார்ப்பதிலேயே, சிக்கல் தொடங்குகிறது. சிலிண்டரிலிருந்து உலர்ந்த சுத்தக் காற்றைச் செலுத்தி, அதில் கிடைத்த பின்னணியை ஈரமான வெளிக்காற்றின் சிக்னலிலிருந்து கழிப்பது பலரிடமும் உள்ள பழக்கம். உலர்ந்த காற்றில் நீர் ஒட்டிய அயனிகள் குறைவு. பின்னணியும் உணர்திறனும் சேர்ந்தே மாறிவிடும். கரிமச் சேர்மங்களை அளப்பதானால், வெளிக்காற்றையே சுமார் 350 டிகிரி செல்சியஸில் உள்ள பிளாட்டினம் வினையூக்கி வழியே விடுங்கள். சேர்மங்கள் எரிந்துபோகும், ஈரம் தங்கும். இந்தக் காற்றைக் கருவியின் வாயிலில் அல்ல, உறிஞ்சு குழாயின் நுனியில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய்ச் சுவரிலிருந்து கசிவது கணக்கில் வராது.

அளவுத்திருத்தத்தையும் ஒரே ஈரப்பதத்தில் முடித்துவிடாதீர்கள். ஹைட்ரோனியம் முறையில் வினை அயனியான H3O+ சேர்மத்துக்குப் புரோட்டானைக் கொடுக்கும். ஃபார்மால்டிஹைடின் புரோட்டான் நாட்டம் (புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும் வலு) மோலுக்கு சுமார் 713 கிலோஜூல், நீருக்கு 691. இடைவெளி சிறியது என்பதால், ஈரம் கூடும்போது புரோட்டான் நீருக்கே திரும்பி, சிக்னல் சரியும். அயோடைடு அயனியைச் சேர்மத்தோடு ஒட்டவைக்கும் அயோடைடு முறையில் ஃபார்மிக் அமிலத்தின் சிக்னலும் ஈரத்துக்கேற்ப மாறும். நீராவியைக் கடத்தி வெளியேற்றும் நாஃபியான் குழாயால் உலர்த்தலாம் என்றால், முனைவுள்ள சேர்மங்களும் அதோடு போய்விடும்.

நிறை எண்ணை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டுவது அடுத்த தவறு. ஹைட்ரோனியம் முறையில் நிறை எண் 69 என்றதும் ஐசோப்ரீன் என்று எழுதிவிடுகிறார்கள். ஃபியூரானும் நோனனல் போன்ற ஆல்டிஹைடுகளின் துண்டுகளும் அங்கேயே விழும். நைட்ரில் குளோரைடுக்கு நல்ல சோதனை உண்டு: அயோடைடு முறையில் குளோரினின் இரு ஐசோடோப்புகளால் 208, 210 சிகரங்கள் ஏறத்தாழ 3:1 விகிதத்தில் வர வேண்டும். வராவிட்டால் அது வேறு ஏதோ.

உறிஞ்சு குழாய் பிஎஃப்ஏ என்ற ஃப்ளூரோ பிளாஸ்டிக்கில், குட்டையாக இருக்கட்டும். நுனியில் துகள் வடிகட்டி மாட்டினால் அதில் சேரும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்தில் ஆவியாகி, இல்லாத நைட்ரிக் அமிலத்தைக் காட்டும்.

சிக்னலை வினை அயனியால் வகுக்காமல் ஒப்பிடாதீர்கள். ஹைட்ரோனியம் அயனியின் நிறை எண்ணான 19-ஐ நேரடியாக எண்ணினால் டிடெக்டர் திணறும். அதே அயனியில் ஆக்சிஜன்-18 உள்ள 21-ஐ எண்ணி 500-ஆல் பெருக்குவதே வழக்கம். வினை அயனிகளை உண்டாக்கப் பொலோனியம்-210 என்ற கதிரியக்க மூலம் உள்ள கருவியில் அதன் அரை ஆயுள் 138 நாள். அயனிகள் குறைந்தால், டிடெக்டர் வோல்டேஜை ஏற்றுமுன் மூலத்தின் தேதியைப் பாருங்கள்.