‘லே பூப்பே ரூஸ்’ விமர்சனங்களைப் படிக்கும்போது தடுக்கி விழும் இடங்கள்

பிரெஞ்சு இயக்குநர் செத்ரிக் கிளாபிஷின் ‘லே பூப்பே ரூஸ்’ படத்தை நான் பார்த்தது தலைகீழ் வரிசையில்: முதல் பாகத்தைத் தொடாமலே இரண்டாம் பாகம். படம் முடிந்ததும் விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். ஒருவருக்கு முதல் படத்தின் துள்ளல் இதில் இல்லை. இன்னொருவருக்கு இதுதான் பக்குவமான படம். மூன்றாமவருக்குக் கதாநாயகன் முகத்தைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. மூவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று இருந்தது. பிறகுதான் தெரிந்தது, குழப்பத்தில் பாதி நான் படித்த விதத்தில் இருந்தது.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002இல் வந்த ‘லோபெர்ஜ் எஸ்பான்யோல்’ படத்தில் சவியே என்ற பாரிஸ் மாணவன், ஐரோப்பிய மாணவர்கள் வேறு நாட்டில் போய்ப் படிக்க உதவும் எராஸ்மஸ் திட்டத்தில் பார்சலோனாவுக்குப் போகிறான். பல ஐரோப்பிய நாட்டு மாணவர்களோடு ஒரே வீட்டில் தங்குகிறான். 2005இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவனுக்கு முப்பது வயது. தொலைக்காட்சிக்கு உப்புச்சப்பில்லாத காதல் கதைகள் எழுதிப் பிழைக்கிறான். பாரிசுக்கும் லண்டனுக்கும் இடையே அலைகிறான், பெண்களுக்கு இடையிலும்தான். பழைய அறைத்தோழர்கள் ஒரு கல்யாணத்துக்காக செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மறுபடி கூடுகிறார்கள். 2013இல் மூன்றாம் பாகமும் வந்தது, கதை நியூயார்க்கில்.

பெரிய தவறிலிருந்தே தொடங்கலாம். இரண்டாம் பாகத்தை முதல் பாகத்தின் அளவுகோலால் அளக்கும் விமர்சனத்தை, படத்தைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது. முதல் படத்தின் சந்தோஷமே அந்த வீடுதான். குளிர்பதனப் பெட்டியில் யார் தட்டு எது, தொலைபேசியை யார் எந்த மொழியில் எடுப்பது, இப்படி. இரண்டாம் படத்தில் அந்த வீடே இல்லை. எல்லாரும் சிதறிப் போய்விட்டார்கள். கல்யாணத்தில் சேரும் நேரம் தவிர, படம் முழுக்க ஒருவன் தனியாகத் தடுமாறுவதுதான். கூட்டத்தைத் தேடி உள்ளே போனவருக்கு ஏமாற்றம் வருவது இயற்கை. ஆனால் அது ஏமாற்றத்தைப் பற்றிய செய்தி, படத்தின் தரத்தைப் பற்றியது அல்ல. விமர்சனத்தில் ‘முதல் படத்தைப் போல’ என்ற ஒப்பீடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று தடவைக்கு மேல் போனால், அவர் எழுதியிருப்பது பாதிக்கு மேல் முதல் படத்தின் விமர்சனம்.

தலைப்பிலேயே வழுக்குகிறவர்களும் உண்டு. முதல் படத்தின் தலைப்புக்கு நேர்ப்பொருள் ‘ஸ்பெயின் நாட்டுச் சத்திரம்’. அது பிரெஞ்சில் ஒரு வழக்குச் சொல். நாம் கொண்டுபோனது மட்டுமே கிடைக்கும் இடம் என்று பொருள். பலதரப்பட்ட ஆட்கள் கலந்து கிடக்கும் இடத்தையும் அப்படிச் சொல்வார்கள். வேறு மொழித் தலைப்பில் அது வெறும் வாடகை வீடாகிவிடுகிறது. ‘லே பூப்பே ரூஸ்’ என்றால் ரஷ்ய பொம்மைகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குபவை. ஒவ்வொரு பெண்ணாகத் திறந்துகொண்டே போய், கடைசிக் குட்டி பொம்மை யார் என்று தேடுவதாகச் சவியே தன் காதல்களைப் பற்றி யோசிக்கிறான். கேட்கவே எரிச்சலாகத்தான் இருக்கும்.

அந்த எரிச்சலைப் படத்தின் மேல் திருப்புவது அடுத்த தவறு. சவியே சுயநலக்காரன், பொய் சொல்கிறான், பெண்களை அழகை வைத்து எடைபோடுகிறான் என்ற புகார் பல விமர்சனங்களில் வரும். எல்லாம் சரி. ஆனால் படம் அதை எப்படிப் பார்க்கிறது என்று அந்த விமர்சனம் சொல்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கட்டடக்கலைஞர் ரோஸ்ஸியின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அகலம் 22 மீட்டர், இருபுறக் கட்டடங்களின் உயரம் 22 மீட்டர், நீளம் 220 மீட்டர். கச்சிதமான விகிதம் என்று பெயர் பெற்ற தெரு. அந்தத் தெருவில் செலியா என்ற மாடல் அழகி நடந்து போகிறாள், சவியே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். கேமராவும் ஜொள்ளு விடுகிறது என்று ஒரு விமர்சகர் முடிவுகட்டலாம். எனக்கோ அது கேலியாகத்தான் பட்டது. அவன் ஆசைப்படுவது ஒரு மனுஷியை அல்ல, ஒரு அளவு நாடாவை. இதற்கு எதிர்ப்பாட்டு ரயில் நிலையக் காட்சியில் வருகிறது. அங்கே பார்சலோனா வீட்டின் பழைய அறைத்தோழி வெண்டி அவனிடம் சொல்வது, உன் குறைகளையும் சேர்த்துத்தான் உன்னைப் பிடித்திருக்கிறது என்பதன் சாரம். இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்காமல் எழுதிய விமர்சனம் பாதி விமர்சனம்தான். சேர்த்துப் பார்த்த பிறகும் கிளாபிஷ் ஆண் பார்வையிலிருந்து முழுசாகத் தப்பவில்லை என்று ஒருவர் வாதிட்டால், அது மதிக்க வேண்டிய வாதம். பெண்கள் எல்லாரும் அவன் கதையின் நிறுத்தங்களாக வந்துபோகிறார்கள் என்ற குறையை நானும் ஒத்துக்கொள்வேன்.

அப்புறம் இந்த சதவீத வியாபாரம். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் சதவீதம் மதிப்பெண் அல்ல. எத்தனை விமர்சகர்கள் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்ற பக்கம் நின்றார்கள் என்பதற்கான விகிதம் மட்டுமே. ஒரு கணக்கு போடுவோம். பத்து விமர்சகர்கள் ஒரு படத்துக்கு ஆளுக்கு 5க்கு 3 கொடுக்கிறார்கள். அதைப் பொதுவாக ஆதரவாகவே சேர்ப்பார்கள், ஆகவே 100 சதவீதம். இன்னொரு படத்துக்கு ஆறு பேர் 5, நான்கு பேர் 1 கொடுக்கிறார்கள். அது 60 சதவீதம். ஆனால் சராசரி பார்த்தால் முதல் படம் 3, இரண்டாவது 3.4! காதல் நகைச்சுவைகளின் இரண்டாம் பாகங்கள் இந்த முறையில் நன்றாகவே பிழைத்துவிடும். பழைய முகங்களைப் பார்த்த பாசத்தில் யாரும் கடுமையாகத் திட்ட மாட்டார்கள், தலையில் வைத்துக் கொண்டாடவும் மாட்டார்கள். பிரான்சின் அலோசினே தளம் வேறு முறை. பத்திரிகைகளின் நட்சத்திரச் சராசரி தனியாக, பார்வையாளர்களின் சராசரி தனியாக, இரண்டும் 5க்கு. ஒன்றின் எண்ணை எடுத்து மற்றொன்றின் எண்ணோடு மோதவிட்டு வாதாடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

வசூலை விமர்சனத்தோடு குழப்புவதைப் பற்றி நம் வாசகர்களுக்கு நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பிரான்சில் படத்தின் வெற்றியைப் பணத்தில் சொல்வதைவிட விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கையில்தான் சொல்வார்கள். கிளாபிஷின் இந்தத் தொடரில் முதல் இரண்டு படங்களும் அங்கே தலா 25 லட்சம் டிக்கெட்டுகளைத் தாண்டின. ஓட்டத்துக்கும் விமர்சனத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் இயக்குநர் பத்ரீஸ் லெகோந்தின் சிரிப்புப் படம் ‘லே ப்ரோன்ஸே 3’ இருக்கிறது. 2006இல் வந்து ஒரு கோடி டிக்கெட்டுகளுக்கு மேல் விற்றது. விமர்சகர்கள் துவைத்துக் காயப்போட்டார்கள். இதே லெகோந்த் 1999இல், பத்திரிகைகள் பிரெஞ்சு வெகுஜன சினிமாவைக் கொல்கின்றன என்று சக இயக்குநர்களுக்குக் கடிதம் எழுதிப் பெரிய ரகளையைக் கிளப்பியவர். பிரான்சில் விமர்சகர்களுக்கும் சிரிப்புப் படக்காரர்களுக்கும் நடுவே ஒரு பழைய பகை உண்டு. 1951இல் தொடங்கிய ‘கையே து சினேமா’ இயக்குநரையே படத்தின் ஆசிரியராகப் பார்க்கப் பழக்கிய பத்திரிகை. அந்தப் பள்ளியில் ஊறியவர், ஒரு இரண்டாம் பாகத்தைப் பார்க்கும்போது கிளாபிஷ் இதில் புதிதாக என்ன செய்தார் என்று கேட்பார். சனிக்கிழமை மாலைக்கு ஏற்றதா என்பது அவருடைய கேள்வியே அல்ல.

விமர்சனம் எழுதிய தேதியைப் பார்க்காமல் விடுவது சின்னத் தவறாகத் தெரியும், ஆனால் சுவாரசியமானது. படம் பிரான்சில் வந்தது 2005 ஜூனில், அமெரிக்காவில் 2006 மே மாதத்தில். நடுவில் பதினொரு மாதங்கள். அந்த இடைவெளியில் வெண்டியாக நடித்த கெல்லி ரெய்லி, ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ படத்தில் கரோலின் பிங்க்லியாக வந்துவிட்டார். முதல் பாகத்தில் சவியேயின் காதலியாகச் சிறு வேடத்தில் வந்து, இதில் முன்னாள் காதலியாகத் தொடரும் ஓத்ரே தோத்து, அதே மே மாதத்தில் ‘தி டாவின்சி கோட்’ கதாநாயகி. சவியேயாக நடித்த ரோமான் துரீஸோ, கிளாபிஷ் படத்துக்குச் சில மாதங்கள் முன்னால் வந்த ழாக் ஓதியாரின் படத்தில், முரட்டு நில வியாபாரத்துக்கும் பியானோவுக்கும் நடுவே சிக்கியவனாக மிரட்டியிருந்தார். அதைப் பார்த்த சூட்டோடு சவியேயைப் பார்த்தால், இந்தப் பையன் கொஞ்சம் லேசாகத்தான் தெரிவான். பாரிஸில் எழுதியவரும் நியூயார்க்கில் எழுதியவரும் ஒரே நடிகர்களைப் பார்த்தார்கள், ஆனால் வேறு வேறு நினைவுகளோடு.

நீளம் பற்றிய புகார், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது என்பது, நியாயம்தான். நடுவில் ஒரு இருபது நிமிடத்தை வெட்டியிருக்கலாம்.

கடைசியாக, விருதை விமர்சனத்துக்குப் பதிலாக வைப்பது. இந்தப் படம் பிரான்சின் பெரிய திரைப்பட விருதான சேசார் வாங்கியது என்று சொல்லி வாதத்தை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியது உண்மை. சவியேயின் தோழி இசபெல்லாக வரும் செசில் து ஃப்ரான்ஸுக்கு முதல் படத்துக்கு நம்பிக்கைக்குரிய புதுமுக நடிகை விருது, இரண்டாம் படத்துக்கு 2006இல் சிறந்த துணை நடிகை விருது. அதே 2006 இரவில் சிறந்த படத்துக்கான சேசார் போனது எந்தப் படத்துக்குத் தெரியுமா? துரீஸ் பியானோ வாசித்த அந்த ஓதியார் படத்துக்கு.