பூஜ்யத்தில் முடிந்த 31 அட்டைகள்

மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நானும் பெற்றேன். குளிரூட்டிய அரங்கு, மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ். மறுநாள் நான் எழுதிய மருந்துச் சீட்டில் ஓர் எழுத்துகூட மாறியதில்லை. என் கிளினிக் அட்டைகளை நானே எண்ணிப் பார்த்த பிறகுதான் என் கை மாறியது. அதற்கு அரங்கு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

முதலில் எண்ணக்கூடிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது: அட்டையில் நான் எழுதிய ரத்த அழுத்த எண்களில் எத்தனை பூஜ்யத்தில் முடிகின்றன? எது சரி என்பதை எண்ணுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பிறகு எழுதினால், வந்த விடைக்கு ஏற்ப அளவுகோல் வளைந்து கொடுக்கும். கையால் காற்றடிக்கும் கருவியில் இரண்டிரண்டாகத்தான் கோடுகள் இருக்கும். ஆகவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்தில் ஒன்று. ஒழுங்காகப் பார்த்தால் 40 அட்டைகளில் ஏறக்குறைய எட்டுதான் பூஜ்யத்தில் முடிய வேண்டும். (தானியங்கிக் கருவிக்கு இந்தக் கணக்கு உதவாது.)

அட்டைகளை ஐந்துக்கு ஒன்றாக உருவுங்கள். நினைவில் நிற்கும் நோயாளிகளைத் தேடி எடுத்தால் உங்களுக்குப் பிடித்த விடைதான் வரும். பெயர் வேண்டாம், வரிசை எண் போதும்.

நான் உருவிய 40 அட்டைகளில் பூஜ்யத்தில் முடிந்தவை 31. 140, 150, 160, மறுபடியும் 140. கருவியைத்தான் முதலில் சந்தேகித்தேன். பத்தாண்டுகளாக என்னுடன் இருக்கும் செவிலியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், நீங்கள் காற்றைச் சட்டென்று இறக்கிவிடுகிறீர்கள். இறக்கும்போதே உப்பைக் குறைத்தார்களா என்றும் கேட்கிறீர்கள்.”

இரண்டுமே தவறு. விநாடிக்கு 2 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் முள் ஓடுகிற ஓட்டத்தில் பத்துக்கு ஒன்றாக உள்ள தடித்த கோடுகள் மட்டுமே கண்ணில் படும். நோயாளி பேசினால் அழுத்தம் கூடும். உள்ளதைவிடக் குறைத்து எழுதினால் மருந்தைக் கூட்ட வேண்டியவர் அப்படியே வீட்டுக்குப் போகிறார். 138 என்பது 140 ஆனால் தேவையில்லாமல் ஒரு மாத்திரை ஏறுகிறது.

அடுத்து, ஒன்றிரண்டை மட்டும் மாற்றுங்கள். வெளியே சுவரோரம் முதுகு சாயும் நாற்காலி ஒன்றைப் போட்டேன். ஐந்து நிமிடம் அதில் உட்கார்ந்த பிறகே உள்ளே அழைப்பு. கை மேசைமேல், பாதம் தரையில், இருவரும் மௌனம். திங்கட்கிழமை மாலைக் கூட்டத்தில் இது பொறுமையைச் சோதிக்கிறது என்பதை மறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். இரண்டாவது எண்ணிக்கை இல்லாவிட்டால் முதலாவது வெறும் குற்ற உணர்ச்சி. எனக்கு 31 என்பது 14 ஆனது. எட்டு ஆகவில்லை; மீதி பெரும்பாலும் திங்கட்கிழமை அட்டைகள். அன்று மட்டும் செவிலியரே அளக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை நோயாளிகளின் அட்டைகள். கடந்த ஓராண்டில் எத்தனை பேரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தேன் என்று எண்ண வேண்டும். 40-க்கு 40 என்று அளவுகோலை எழுதி வைத்துவிட்டேன். அட்டையைப் பிரிக்கத்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.