ஊர் கூடி ஒரு நாடகம் வாசிப்பது எப்படி?

இங்கிலாந்தில் நூலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ ஆளுக்கொரு பிரதியோடு உட்கார்ந்து பழைய நாடகங்களை உரக்கப் படிக்கும் வழக்கம் உண்டு. வேஷம் இல்லை, மனப்பாடம் இல்லை. லண்டன் குளோப் நாடக அரங்கத்தினர் 1995-ல் தொடங்கிய 'ரீட் நாட் டெட்' வரிசையில் தொழில்முறை நடிகர்களுக்கே அன்று காலையில்தான் பிரதி கிடைக்கும். பிற்பகலில் அதைக் கையில் வைத்துக்கொண்டே மேடையேறிவிடுவார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கென்ன கூச்சம்?

படி 1: நாடகத்தை முடிவு செய்யுங்கள்

'ஹாம்லெட்'டில் ஆரம்பிக்காதீர்கள். முழுசாகப் படித்தால் நாலு மணி நேரம் ஆகும். பாதியிலேயே ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். என் சிபாரிசு, ஆஸ்கர் வைல்ட் எழுதி 1895-ல் லண்டனில் மேடையேறிய 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'. மூன்று அங்கம், 9 பாத்திரங்கள். இடைவேளையோடு சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். வைல்ட் 1900-லேயே இறந்துவிட்டதால் பதிப்புரிமைத் தொல்லை கிடையாது. 1973-ல் இறந்த ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்ட் மாதிரி ஒருவரின் நாடகம் என்றால், பொது இடத்தில் வாசிக்க முன்அனுமதி வாங்க வேண்டும்.

படி 2: எல்லார் கையிலும் ஒரே பதிப்பு

வைல்ட் முதலில் நான்கு அங்கமாக எழுதி, அப்புறம் மேடைக்காக மூன்றாகச் சுருக்கினார். இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. அவரவர் வீட்டில் இருப்பதை எடுத்துவரச் சொன்னால், "எந்தப் பக்கம்?" என்று தேடுவதிலேயே மாலை போய்விடும். பழைய நூல்களைத் தரும் 'ப்ராஜெக்ட் குட்டன்பர்க்' இணையதளத்தில் இலவசமாக இருக்கும் மூன்று அங்கப் பிரதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

படி 3: மேடைக் குறிப்பு வாசிக்க நல்ல ஆளாகப் பிடியுங்கள்

பலர் இந்த வேலையை யாருக்கும் கொடுப்பதே இல்லை, அல்லது பாத்திரம் கிடைக்காதவர் தலையில் கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் கூட்டத்திலேயே தெளிவான குரல் உள்ளவருக்குத்தான் இதைக் கொடுக்க வேண்டும்.

காரணம் இதுதான். இரண்டாம் அங்கத்தில் கதாநாயகன் ஜாக் துக்க உடையில், தொப்பியில் கறுப்புப் பட்டியும் கறுப்புக் கையுறையுமாக மெதுவாக நடந்து வருகிறான். இல்லாத ஒரு தம்பி எர்னஸ்டை இருப்பதாகச் சொல்லி வந்தவன், இப்போது அவன் இறந்துவிட்டதாகக் கதைகட்ட வந்திருக்கிறான். ஆனால் அந்த எர்னஸ்ட் தானே என்று பொய்சொல்லி வந்த நண்பன் ஆல்ஜர்னான் ஏற்கெனவே அதே வீட்டுக்குள் இருக்கிறான்! அந்த உடையைப் பற்றி யாரும் வாய் திறக்கும் முன்பே அரங்கம் சிரித்துவிடும். வாசிப்பிலோ குறிப்பைப் படித்தால்தான் சிரிப்பு வரும். தேநீர்க் காட்சியும் அப்படித்தான். சர்க்கரை வேண்டாம் என்கிறாள் விருந்தாளியாக வந்த க்வென்டலின். அவள் கோப்பையில் அந்த வீட்டுப் பெண் செசிலி நான்கு சர்க்கரைக் கட்டி போடுகிறாள். அந்த நான்கு கட்டியும் மேடைக் குறிப்பில்தான் இருக்கின்றன.

எல்லாக் குறிப்பையும் படிக்கத் தேவையில்லை. யார் வருகிறார், யார் போகிறார், கையால் என்ன செய்கிறார் என்பவை அவசியம். 'எரிச்சலுடன்' போன்றவற்றை விட்டுவிடலாம்; வாசிப்பவரே குரலில் காட்டட்டும்.

படி 4: பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள்

அங்கத்துக்கு அங்கம் ஆளை மாற்றுங்கள். க்வென்டலினின் அம்மா லேடி பிராக்னெல் பாத்திரத்துக்கு எப்போதும் அடிதடிதான், ஆண்களும் போட்டிக்கு வருவார்கள். கொடுங்கள், தப்பே இல்லை. ஆள் மாறும்போது குழம்பாமலிருக்க பாத்திரப் பெயரை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: லண்டனில் ஜாக் தன் பெயரையே எர்னஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறான். அதனால் முதல் அங்கத்தில் மற்றவர்கள் "எர்னஸ்ட்" என்று நினைக்கும் ஆளின் வசனங்கள் பிரதியில் 'ஜாக்' என்ற பெயரில்தான் அச்சாகியிருக்கும்.

படி 5: வாசியுங்கள்

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். உச்சரிப்பைத் திருத்தவே கூடாது. ஒருவரைத் திருத்தினால் அடுத்த நாலு பேர் வாய் திறக்க மாட்டார்கள். சும்மா கேட்க வந்தவர்களையும் வற்புறுத்தாதீர்கள். இரண்டாம் அங்கத்தில் அவர்களே பிரதி கேட்பார்கள்.

அடுத்த மாதம் ஷேக்ஸ்பியர் பக்கம் போவதென்றால் 'ட்வெல்ஃப்த் நைட்' சரியாக இருக்கும். செய்யுள் வரும் இடங்களில் வரி முடியும்போதெல்லாம் மூச்சு விடாமல், நிறுத்தற்குறி வரும்வரை ஓட்டமாகப் படியுங்கள். பொருள் தானாகப் பிடிபட்டுவிடும்.