பிரீமியரில் எஃபெக்ட் போடும்போது எங்கே சொதப்புகிறோம்

புதுசு புதுசாக எஃபெக்ட் பேக் இறக்கி வைத்திருப்பார்கள், ஆனால் அதை எதற்கு மேலே எதற்குக் கீழே போடுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. அடோபி பிரீமியர் புரோ என்கிற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் பாதித் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பேனலில் நாம் சேர்க்கிற எஃபெக்ட்டுகள் மேலிருந்து கீழாக வேலை செய்யும். கிராப் (ஓரத்தை வெட்டுவது) மேலேயும் காசியன் பிளர் (படத்தை மங்கலாக்குவது) கீழேயும் இருந்தால் வெட்டிய ஓரமும் சேர்ந்து மங்கும். மாற்றிப் போட்டால் படம் மட்டும் மங்கி, ஓரம் கூர்மையாகவே நிற்கும். இரண்டும் தப்பில்லை, எது வேண்டும் என்று தெரிந்து போடுங்கள். இதில் பலர் ஏமாறுவது, கிளிப்போடு கூடவே வருகிற மோஷனிலும் (இடம், அளவு, சுழற்சி) ஒப்பாசிட்டியிலும் (படம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பது)தான். பேனலில் அவை உச்சியில் தெரியும், ஆனால் நாம் சேர்த்த எல்லாம் முடிந்த பிறகுதான் கணக்கில் வரும், அந்த வரிசையை மாற்றவும் முடியாது. அதனால்தான் லோகோவுக்கு டிராப் ஷேடோ கொடுத்துவிட்டு மோஷனில் சுழற்றினால் நிழலும் கூடவே சுற்றுகிறது. அதற்குப் பதில் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட்டை டிராப் ஷேடோவுக்கு மேலே வைத்து அதில் சுழற்றினால் நிழல் ஒரே பக்கம் விழும். அந்த டிரான்ஸ்ஃபார்மிலேயே ஷட்டர் ஆங்கிளை 180 என்று வைத்தால் மோஷன் பிளரும் (அசையும்போது வருகிற மங்கல்) கிடைக்கும், அது சும்மா வருகிற லாபம்.

ஒரே கலரை நாற்பது கிளிப்புக்குத் தனித்தனியாக ஒட்டாதீர்கள். கிளையன்ட் “கொஞ்சம் வார்மா இருக்கட்டும்” என்றால் நாற்பதையும் திறக்க வேண்டிவரும். கீழே இருக்கிற எல்லாக் கிளிப்புக்கும் சேர்த்து எஃபெக்ட் போடுகிற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போதும், டைட்டில் மட்டும் அதற்கு மேல் டிராக்கில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளை எழுத்தும் மஞ்சளாகிவிடும். அந்த லேயரின் மோஷனில் ஸ்கேலைக் கூட்டினால் கீழே இருக்கிற வீடியோ பெரிதாகாது, அங்கேயும் டிரான்ஸ்ஃபார்ம்தான்.

ஆடுகிற காட்சியை நிலைப்படுத்துகிற வார்ப் ஸ்டெபிலைசர் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் போடுகிறார்கள். ஸ்மூத்னெஸ் 50 சதவீதத்தில்தான் வரும், அதை அப்படியே விட்டால் சுவரெல்லாம் ஜெல்லி மாதிரி நெளியும். 5, 10 என்று குறைத்துப் பாருங்கள், அப்போதும் நெளிந்தால் மெத்தடைப் பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன் என்று மாற்றுங்கள். ஸ்பீடு மாற்றிய கிளிப்பில் இது வேலை செய்யாது. கிளிப் 4கே, சீக்வென்ஸ் (எடிட் செய்கிற டைம்லைன்) 1080 என்று அளவு ஒத்துப்போகாவிட்டாலும் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். இரண்டுக்கும் வழி நெஸ்ட், அதாவது கிளிப்பை ஒரு தனி சீக்வென்ஸுக்குள் அடக்கிவிடுவது. ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் முதலில் ஸ்டெபிலைஸ் செய்து, நெஸ்ட் பண்ணி, அந்த நெஸ்ட்டின் வேகத்தை மாற்றுங்கள்.

எஸ்-லாக் 3 மாதிரி லாக் காட்சியில் (கேமரா வெளிறிய நிறத்தில் பதிவு செய்வது) லட் (நிறத்தை மாற்றுகிற அட்டவணைக் கோப்பு) போடுபவர்களுக்கு: நிறம் திருத்துகிற லூமெட்ரியின் பேசிக் பகுதியில் வைக்கிற இன்புட் லட், அதன் கீழே இருக்கிற எக்ஸ்போஷர் ஸ்லைடருக்கு முன்பே வேலையை முடித்துவிடும். வானம் அங்கே வெளுத்துப்போனால் பிறகு ஸ்லைடரை இறக்கினாலும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும், மேகம் திரும்பாது. இன்னொரு லூமெட்ரியை அதற்கு மேலே வைத்து, எக்ஸ்போஷரை அதில் சரிசெய்யுங்கள். புதிய பதிப்புகளில் லாக் கோப்பைத் தானாகவே கண்டுபிடித்து மாற்றும் வசதியும் இருக்கிறது, அது ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்களும் ஒரு லட் போட்டால் கான்ட்ராஸ்ட் இரட்டிப்பாகி முகமெல்லாம் கருத்துப்போகும்.

ஒரு எஃபெக்ட்டின் அமைப்பை மறுபடி பயன்படுத்தப் பிரீசெட்டாகச் சேமிக்கும்போது ஸ்கேல், ஆங்கர் டு இன் பாயின்ட், ஆங்கர் டு அவுட் பாயின்ட் என்று மூன்று கேட்கும், படிக்காமலே ஓகே கொடுத்துவிடுகிறோம். ஸ்கேல் என்றால் கிளிப்பின் நீளத்துக்கு ஏற்ப கீஃப்ரேம்கள் (அசைவு மாறுகிற புள்ளிகள்) இழுபடும், அரை நொடி ஜூம் நீளமான கிளிப்பில் ஆமை வேகத்தில் நகரும். தொடக்கத்தில் வருகிற அசைவுக்கு இன், முடிவில் வருவதற்கு அவுட்.

அப்புறம், கிளிப் மேல் இருக்கிற எஃப்எக்ஸ் குறியின் நிறத்தையும் பாருங்கள். சாம்பல் என்றால் எதுவும் தொடவில்லை, ஊதா என்றால் எஃபெக்ட் சேர்த்திருக்கிறது, மஞ்சள் என்றால் மோஷன், ஒப்பாசிட்டி போன்றவற்றை மாற்றியிருக்கிறது, பச்சை என்றால் இரண்டும். அடியில் சிவப்புக் கோடு இருந்தால் எஃபெக்ட் சோர்ஸ் கிளிப்பில் (புராஜெக்ட் பேனலில் இருக்கிற மூலக் கிளிப்) இருக்கிறது, டைம்லைனில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது.