ஆய்வேட்டுக்குத் தேடும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

"தேடினேன், ஒன்றுமே இல்லை" என்று சொல்லும் மாணவர்களில் பலர் ஒரே ஒரு சொல்லைத்தான் தட்டிப் பார்த்திருப்பார்கள். தலைப்பு காஞ்சிபுரம் கைத்தறி நெசவாளர் கடன் என்று வைத்துக்கொள்வோம். கணினியைத் திறக்கும் முன் தாளில் ஊர், தொழில், பிரச்சினை என மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் நாலைந்து மாற்றுச் சொற்களை எழுதுங்கள். ஊர்க் கட்டத்தில் காஞ்சி, காஞ்சிபுரம், காஞ்சீபுரம் போதாது. ஆங்கில எழுத்தில் 'கான்ஜீவரம்' (Conjeeveram) கட்டாயம் வேண்டும். பிரிட்டிஷ் கால அறிக்கைகளில் ஊரின் பெயர் அதுதான்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் சேர்ந்தே வரவேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். உருப்படியான கட்டுரை ஒன்று சிக்கினால் போதும்: அதன் துணைநூற்பட்டியல் பின்னோக்கி அழைத்துப் போகும், அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளைக் காட்டும் 'சைட்டட் பை' இணைப்பு முன்னோக்கி. காசு கேட்கிறதா? 'ஆல் வெர்ஷன்ஸ்' அழுத்துங்கள். சில நேரம் இலவசப் பிரதி அங்கே இருக்கும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு இன்ஃப்ளிப்நெட் நிறுவனத்தின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவுக்குப் போங்கள். இயல் வாரியாகத் தனித்தனி பிடிஎஃப் இருக்கும். துணைநூற்பட்டியல் உள்ள கோப்பை முதலில் திறங்கள். தமிழ் ஆய்வேடுகளில் ஒரு பொறி உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். கண்ட்ரோல் எஃப் அழுத்தி 'நெசவு' என்று தேடினால் பூஜ்யம் வரும். அதை நம்பி மூடிவிடாதீர்கள். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். குப்பையாக விழுந்தால் எழுத்துரு மாற்றியில் போட வேண்டும். எதுவுமே நகலாகவில்லை என்றால் அது வெறும் ஸ்கேன் படம். பொருளடக்கம் பார்த்துக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

குறிப்பெடுக்கும்போதே பக்க எண்ணை எழுதுங்கள். பிறருடைய வரிகளுக்கு மேற்கோள் குறி போடாமல் விட்டால், ஒரு மாதம் கழித்து அது உங்கள் வாக்கியமாகவே தோன்றும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு உங்கள் ஆய்வேட்டின் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டியிருக்கும். முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள் இந்தக் கணக்கில் வராது.

சாட்ஜிபிடி தரும் நூல் விவரத்தை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். உண்மையான ஆசிரியர் பெயரோடு இல்லாத கட்டுரையை அது ஒட்டித் தருவதுண்டு. தலைப்பை மேற்கோள் குறிக்குள் தேடுங்கள், டிஓஐ (கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் திறந்து பாருங்கள். திறந்தது வேறு கட்டுரை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.