பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வாழ்க்கை வரலாற்று நூல் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். ஆசிரியர் எந்தெந்த நூல்களைப் பார்த்து எழுதினார் என்று சொல்லும் உசாத்துணைப் பட்டியல் அங்கேதான் இருக்கும். சொந்தச் செலவில் அச்சிட்ட நினைவுக் குறிப்புகள், நினைவு மலர்கள், நின்றுபோன பத்திரிகைகள் என்று நாலைந்தாவது தட்டுப்படும். குறித்துக்கொள்ளுங்கள். அரிய புத்தகத் தேடல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பட்டியலே இல்லாத வரலாறு என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

மூதாதையர் பெருமை பேசும் முதல் அத்தியாயத்தைத் தயங்காமல் தாண்டலாம். ஆனால் ஒருவரைப் பற்றி ஒரே நூலோடு நிறுத்தாதீர்கள். ஆங்கில அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1784இல் இறந்தார். அவருடைய நண்பர் பாஸ்வெல் எழுதிய புகழ்பெற்ற வரலாறு வந்தது 1791இல். அதற்குள் 1786இல் ஹெஸ்டர் பியோஸியும் 1787இல் ஜான் ஹாக்கின்ஸும் ஜான்சனைப் பற்றி ஆளுக்கொரு நூல் எழுதி முந்திக்கொண்டார்கள். பாஸ்வெல் முதன்முதலாகச் சந்தித்தபோது ஜான்சனுக்கு 53 வயது. ஹாக்கின்ஸுக்கோ அதற்கும் பல ஆண்டுகள் முந்தைய பழக்கம். பியோஸியின் வீட்டில் ஜான்சன் ஆண்டுக்கணக்கில் தங்கியவர். ஹாக்கின்ஸ் தன் நூலில் பாஸ்வெல்லை ஏதோ ஒரு ஸ்காட்லாந்துக்காரர் என்பதுபோலப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். பாஸ்வெல் தன் நூலின் தொடக்கத்திலேயே ஹாக்கின்ஸை ஒரு பிடி பிடிப்பார். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒருவர் மென்று விழுங்கியதை இன்னொருவர் போட்டு உடைப்பது தெரியும். இந்த வம்பு ருசிக்காகவே நான் பழைய பதிப்புகளைத் தேடுகிறேன்.

சரி, தேடுவது எப்படி? புத்தகங்களுக்குத் தரும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் சர்வதேசத் தரமாக வந்தது 1970இல்தான். பழைய நூல்களைப் பெயரை வைத்தே தேட வேண்டும். பல நாட்டு நூலகப் பட்டியல்களை ஒன்றாகத் திரட்டிய வேர்ல்ட்கேட் தளத்தில் எந்த நூலகத்தில் பிரதி இருக்கிறது என்று பார்க்கலாம். தமிழ்ப் பெயர் என்றால் ஒரு சூட்சுமம் உண்டு: பெரிய நூலகப் பட்டியல்களில் ‘ச’ பெரும்பாலும் ஆங்கில ‘சி’ எழுத்தில் இருக்கும். சாமிநாதையரை ‘எஸ்’ போட்டுத் தேடினால் பாதி நூல்கள் கண்ணில் படாது. ‘ழ’வுக்கும் ‘இசட்எச்’ இருக்காது. வெறும் ‘எல்’தான், அடியில் ஒரு கோடு. இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள். ஸ்கேன் பிரதி போதுமென்றால் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் தேடலாம்.

மறுபதிப்பு கிடைத்ததும் திருப்தியடைந்துவிட வேண்டாம். பழைய முன்னுரை, பின்னிணைப்புக் கடிதங்கள், படங்கள் எல்லாம் சில மறுபதிப்புகளில் காணாமல் போயிருக்கும். பழைய பிரதியை வாங்குமுன் பொருளடக்கத்தோடு பக்க எண்களை ஒப்பிடுங்கள். படத்தாள்களைத் தனியாக எண்ணுங்கள், பெரும்பாலும் கிழிபடுவது அவைதான். தாளின் ஓரத்தை லேசாக மடித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். மரக்கூழ்த் தாளில் அமிலம் இருக்கும். பழுப்பேறியிருந்தால் அந்த மடிப்பிலேயே ஒடிந்துவிடும்.