ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கடுஞ்சிவப்பு வைனும்

கபர்னே சொவினியோன், ஷிராஸ், மல்பெக் மூன்றுமே துவர்ப்புக் கூடிய சிவப்பு வைன்கள். மதுசாரம் பெரும்பாலும் 13.5 முதல் 15 வீதம் வரை இருக்கும். எங்கள் சாப்பாட்டோடு இவை முரண்டுபிடிப்பதற்கு இந்த இரண்டுந்தான் காரணம். மிளகாய் எரிவை மதுசாரம் மூட்டிவிடும், எரிகிற நாக்கில் துவர்ப்பு இன்னும் கரகரக்கும். ஆனால் மிளகாயோடு சண்டை பிடிக்கிற அதே வைன் மிளகோடு நன்றாகச் சேரும்.

வாங்கும்போது வெயில் படுகிற தட்டில் நிற்கும் போத்தலை எடுக்காதீர்கள். தக்கை வெளியே தள்ளியிருந்தாலோ கழுத்தில் கசிவு தெரிந்தாலோ அது சூடு பட்டது. காய்ச்சின ஜாம் மாதிரி மணக்கும். போயா தினத்தில் மதுக்கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்ற அறிவுரை ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. வேண்டியது 16 முதல் 18 பாகை செல்சியஸ். 30 பாகையில் நிற்கும் எங்கள் வீட்டுப் போத்தலை பிரிட்ஜில் ஒன்றரை மணி நேரமளவுக்கு வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி போதும். வெறும் ஐஸ் மெதுவாகத்தான் குளிர்த்தும். சூடாக ஊற்றினால் மதுசார நெடிதான் மூக்கில் ஏறும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் மணம் அடங்கி, துவர்ப்பு முரடாகும்.

இளம் வைனைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி அரை மணி காற்றாட விடலாம். தக்கையை மட்டும் கழற்றி வைப்பதில் பெரிய பயனில்லை, போத்தல் கழுத்து அவ்வளவு ஒடுக்கம். எங்கள் வெக்கையில் சாடி விரைவில் சூடாகும். அடியில் ஐஸ் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

கறி தாளிக்கிற குசினியில் நின்று மணந்து பார்க்காதீர்கள். வெற்றிலை போட்ட வாயும் உதவாது. கிளாஸின் மூன்றிலொன்றுக்குக் கீழே, 60 மில்லிலீற்றர் அளவு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேலே சரித்துப் பாருங்கள். ஓரம் ஊதாவென்றால் இளசு, செங்கல் நிறமென்றால் வயசு போனது. சுழற்றி மணவுங்கள். நாவற்பழம், கராம்பு, சுருட்டு, சில கபர்னேயில் வெட்டின கறிமிளகாய் என்று நினைவுக்கு வருவதைச் சொல்லுங்கள். இங்கே ஒருவரும் கண்டிராத பழங்களின் பெயரைப் பாடமாக்க வேண்டியதில்லை. ஷிராஸில் மிளகு மணந்தால் அது கற்பனையல்ல. மிளகில் இருக்கும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள் அந்த வைனிலும் உண்டு.

ஈரச்சாக்கு வாடை வந்து பழமணம் செத்திருந்தால் தக்கை கெடுத்த போத்தல், அதைத் திருத்த முடியாது. அழுகிய முட்டை வாடையென்றால் பொறுங்கள், சுழற்றச் சுழற்றப் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு வாய் எடுத்து ஏழெட்டு விநாடி வைத்திருங்கள். கன்னத்துக்குள் எச்சில் ஊறினால் புளிப்பு. முரசு வரண்டு நாக்கு இழுபட்டால் துவர்ப்பு. நாவற்பழமும் சாயம் கூடின வெறுந்தேத்தண்ணியும் செய்கிற அதே வேலை. தொண்டைச் சூடு மதுசாரம். விழுங்கிய பிறகு பழச்சுவை பத்து விநாடிக்கு மேல் நின்றால் நல்ல வைன்.

இனிச் சாப்பாடு. துவர்ப்பு எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் வரளுகிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் குறுக்கே வந்தால் அந்த வரட்சி தணியும், உப்பும் உதவும். அதனால் கொழுப்போடு வெட்டின ஆட்டிறைச்சிதான் முதல் தெரிவு. ஒரு கிலோ இறைச்சிக்கு வறுத்த கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். குறைந்த உறைப்பை அப்போது இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டியால் ஈடுகட்டி, முதற்பால் அரைக் கோப்பை விட்டுப் பிரட்டலாக இறக்குங்கள். பழப்புளி விடாதீர்கள், கறி வைனைவிடப் புளித்தால் வைன் சப்பென்று போகும். இதைவிட நல்ல பொருத்தம் சரக்குக் கறி. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு போட்டுப் பிள்ளைப்பெற்றவருக்கு வைக்கும் கறிதான்; இறைச்சியில் வைத்தால் ஷிராஸுக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். (பிள்ளைப்பெற்றவருக்குக் கறி மட்டும்!) பக்கத்தில் புட்டோ பாணோ இருக்கட்டும், கட்டைச்சம்பல் வேண்டாம்.

மீனையும், மீன் போட்ட கூழையும் இந்த வைனோடு சேர்க்காதீர்கள். சிவப்பு வைனிலுள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் காட்டினார்கள். உறைப்பான நண்டுக் கறிக்கு லேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை வைன் பொருந்தும். பனங்கட்டிப் பணியாரங்களும் ஆகாது, இனிப்புக்குப் பின் இந்த வைன் கசக்கும்.

மிச்சத்தை இறுக மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். குடிப்பதற்கு முன் அரை மணி வெளியே எடுத்து வையுங்கள்.